எம்.பி. கையெழுத்துக்கு மேலே: 12 வருடம் மனு எழுதிய அனுபவம்

பாலர் பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலி நம் முழங்கால் உயரம்கூட இருக்காது. சிங்கப்பூரில் எங்கள் தொகுதி எம்.பி. வாரத்தில் ஒரு இரவு மக்களைச் சந்தித்தது அப்படிப்பட்ட நாற்காலிகள் நிறைந்த ஒரு வகுப்பறையில்தான். பகலில் பிள்ளைகள் வண்ணம் தீட்டிய அதே மேசையில் இரவு ஏழரை மணிக்கு மடிக்கணினியைத் திறந்து வைப்போம். வேலை போனவர், வாடகை பாக்கி வைத்தவர், மகனோடு பேச்சுவார்த்தை நின்றுபோனவர் என்று ஒவ்வொருவராக எண் வாங்கிக்கொண்டு வருவார்கள். அங்கே 12 வருடம் தொண்டூழியராக இருந்தேன். வந்தவர் சொல்வதைக் கேட்டு மனு எழுதுவது என் வேலை. கையெழுத்து எம்.பி.யுடையது, அதற்கு மேலே உள்ள வார்த்தைகள் பெரும்பாலும் எங்களுடையவை.

மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி என்று இதைச் சொல்வார்கள். 1955-ல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த பழக்கம். எந்தக் கட்சி எம்.பி. வந்தாலும் இதை இன்றுவரை கைவிடவில்லை. ஆளும் மக்கள் செயல் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் கட்சிக் கிளையிலோ பாலர் பள்ளியிலோ நடத்துவார்கள். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்காரர்கள் புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின், கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்காருவார்கள். நான் எந்தக் கட்சியின் மேசையில் இருந்தேன் என்பதும், அந்த எம்.பி. யார் என்பதும் இங்கே வேண்டாம். வந்தவர்களின் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன்.

ஒரு கணக்கை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 மே 3-ல் நடந்த பொதுத்தேர்தலில் 33 தொகுதிகளிலிருந்து 97 பேர் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். வாக்காளர்கள் சுமார் 27.5 லட்சம் பேர். சராசரியாக ஓர் எம்.பி.க்கு 28,000 பேர் வருகிறார்கள். சின்ன நாட்டு எம்.பி.யின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு எண்ணிலிருந்து பிறப்பதாகவே எனக்குத் தோன்றும். மக்களுக்கு அவர் எட்டாத ஆள் இல்லை. காப்பிக்கடையில் வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர் தோளைத் தட்டி, மின்தூக்கி மூன்று நாளாகச் சத்தம் போடுகிறது என்பார். அவரும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1988-ல் வந்த நகர மன்றச் சட்டத்தின்படி, குடியிருப்புப் பேட்டையின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்தை நடத்துவது அந்த வட்டார எம்.பி.க்கள்தான். நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டம் பற்றிப் பேசியவரே தாழ்வார விளக்குக்கும் குப்பைக் குழாய்க்கும் பொறுப்பு. இரண்டையும் ஒரே ஆள் சுமப்பது கஷ்டம்தான். ஆனால் சட்டம் இயற்றுபவர் குப்பைக் குழாயின் நாற்றத்தையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது என்றே நான் நம்புகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தது மொழியால். தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த வயதானவர்கள் வருகிறார்கள், எழுத ஆள் இல்லை என்று தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் நன்றாக எழுதுவேன் என்ற நம்பிக்கையோடு போனேன். இரண்டாவது வாரமே அந்த நம்பிக்கை போதாது என்று தெரிந்துவிட்டது.

அன்று வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சேவை, பராமரிப்புக் கட்டணம் ஏழு மாதம் பாக்கி. தவணை வேண்டும் என்றார். பத்தே நிமிடத்தில் கடிதத்தை முடித்தேன். வயது, வருமானம், எத்தனை தவணை என்று எல்லாம் அதில் இருந்தது. எம்.பி.யிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சீனர், தமிழ் தெரியாது, மொழிபெயர்க்க நான் நின்றேன். கடிதத்தைப் படித்துவிட்டுப் பெரியவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வீட்டில் இவருக்கு யார் சமைக்கிறார்கள் என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன்.

"யாருமில்ல தம்பி. அவ போனதுலேருந்து கடையிலதான்."

"எப்ப அங்கிள்?"

"போன தீபாவளிக்கு முன்னாடி. கடுதாசியெல்லாம் அவதான் பிரிச்சுப் பார்ப்பா. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வச்சிருக்கேன்."

அவரிடம் பணம் இருந்தது. கடிதத்தைப் பிரிக்க ஆள் இல்லை. அடுத்த வாரம் அந்தப் பையைக் கொண்டுவந்தார். நானும் இன்னொரு தொண்டூழியரும் உட்கார்ந்து ஒவ்வொரு உறையாகப் பிரித்தோம். தவறிப்போன மருத்துவச் சந்திப்புகள், மின்கட்டண நினைவூட்டல்கள், அவருக்கே கிடைக்கவேண்டிய உதவித்தொகை பற்றிய அறிவிப்பு என எல்லாமே அதற்குள் இருந்தன. நான் எழுதிய தவணைக் கடிதம் தேவைப்படவே இல்லை.

அன்றிலிருந்து மடிக்கணினியைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். வீட்டில் யார் யார், எப்போதிலிருந்து இப்படி, இதற்கு முன் யாரிடம் போனீர்கள் என்று கேட்பேன். மனு எழுத வரும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். வருபவர் வாய் திறந்ததும் சொல்லும் பிரச்சினை, அவர் வெட்கப்படாமல் சொல்லக்கூடிய பிரச்சினை. அசல் பிரச்சினை பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் இருக்கும்.

அப்புறம், எழுதி முடித்த கடிதத்தை அவருடைய மொழியில் படித்துக் காட்ட வேண்டும். நேரமில்லை என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். படித்துக் காட்டும்போதுதான் "ஐயோ, அது போன வருஷம்", "அவன் என் சொந்த மகன் இல்ல" என்று முக்கியமான திருத்தங்கள் வரும். எம்.பி. கையெழுத்திட்ட கடிதத்தில் ஒரு தவறான தகவல் இருந்தால், அடுத்த முறை அதே மனிதருக்காக எழுதும் உண்மையான கடிதத்தின் மதிப்பும் குறைந்துபோகும்.

கடிதம் எழுதுவதில் நான் செய்த பெரிய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த மனைவி இங்கே நீண்டகாலம் தங்க அனுமதி கேட்டு ஒரு தம்பி வந்தார். முதல் முறை நிராகரிப்பு. மனம் உருகும்படி மறுபடியும் எழுதினேன். அதுவும் நிராகரிப்பு. இன்னும் உருக்கமாக மூன்றாவதை எழுதிக்கொண்டு போனபோது எம்.பி. மூன்று கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது மூன்று கடிதம் இல்லை. ஒரே கடிதத்தை மூன்று தடவை அனுப்பியிருக்கிறோம். போன முறைக்கும் இந்த முறைக்கும் இவர் வாழ்க்கையில் என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் நான் கேட்டதே இல்லை. கேட்டபோது சொன்னார்: எட்டு மாதத்துக்கு முன்பு நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. அது முக்கியம் என்று அவருக்குத் தெரியாது. சம்பளச் சீட்டுகளையும் மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்புக் கணக்கின் விவரத்தையும் இணைத்து அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினோம். அந்த முறை அனுமதி கிடைத்தது. எட்டு மாதம் அந்தத் தம்பதியைக் காக்கவைத்ததில் என் பங்கும் இருக்கிறது. அதை நான் இன்றும் மறக்கவில்லை.

எம்.பி.யின் கடிதத்தால் விதியை உடைக்க முடியாது. ஒரு கோப்பை இன்னொரு முறை திறந்து பார்க்கவைக்க முடியும். திறக்கும் அதிகாரிக்குப் புதிதாக ஏதாவது கிடைக்க வேண்டும். அதனால் எங்கள் மேசையில் ஒரு முறையை வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு வரியில் என்ன கேட்கிறோம் என்று இருக்கும். அடுத்து, ஏற்கெனவே வந்த பதிலின் தேதியும் குறிப்பு எண்ணும். அடுத்து, அதற்குப் பிறகு மாறியது என்ன, அதற்கு ஆதாரம் என்ன. எல்லாம் ஒரு பக்கத்துக்குள். துயரத்தை ஒரே ஒரு வாக்கியத்தில், உண்மையாகச் சொன்னால் போதும்.

நீங்கள் ஓர் எம்.பி.யைப் பார்க்கப் போகிறவராக இருந்தால், முதலில் உங்கள் தொகுதி எம்.பி.யிடமே போங்கள். வேறு தொகுதிக்குப் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள், முக்கியமாக நிராகரிப்புக் கடிதத்தை. உங்களுக்குப் பாதகமான விஷயத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அபராதம் கட்டாதது, முன்பு ஒரு வீட்டை விற்றது, பழைய வழக்கு, எதுவானாலும் மனு போகும் அரசு அமைப்புக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், எம்.பி.க்குத்தான் தெரியாது. கெடு நாளை மறுநாள் முடிகிறது என்றால் பதிவு மேசையிலேயே சொல்லுங்கள். பழக்கூடை, பலகாரம் எதுவும் வேண்டாம். ஆசையோடுதான் கொண்டுவருவீர்கள், வாங்க முடியாமல் தவிப்பது எங்களுக்கும் கஷ்டம்.

முடியாது என்று சொல்லவேண்டிய இரவுகளும் உண்டு. வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் தீர்ப்பை மாற்றச் சொல்லி எம்.பி. எழுத முடியாது. சட்ட உதவிக்கு எங்கே போக வேண்டும் என்று மட்டும் காட்டலாம். கந்துவட்டிக்காரன் கதவில் சாயம் ஊற்றினால் போலீசுக்குத்தான் போக வேண்டும். தனியார் முதலாளியிடம் வேலை போட்டுக்கொடுக்கச் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் இதையெல்லாம் நேராகச் சொல்லத் தயங்கி, "எழுதிப் பார்ப்போம்" என்று அனுப்பிவிடுவேன். வந்தவர் மூன்று வாரம் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பார். அது கருணை இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதன்பிறகு முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுவேன், பிறகு அந்த அரைமணி நேரத்தில் வேறு எந்தக் கதவைத் தட்டலாம் என்று தேடுவோம்.

நள்ளிரவு நெருங்கும்போது கடைசி ஆளும் போய்விடுவார். நாற்காலிகளை அடுக்கியபடியே அன்று என்னென்ன வந்தது என்று பேசுவோம். எம்.பி. சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். ஒரே மாதிரி மனு மூன்று நான்கு முறை வந்தால் அது தனியாள் பிரச்சினை இல்லை, விதியில் ஏதோ இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். உணவு விநியோகம் செய்யும் தம்பிகள் அப்படித்தான் வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்து கை உடைந்தவர் ஒருவர், முதுகு போனவர் ஒருவர். ஊழியர் இல்லை என்பதால் இழப்பீடு இல்லை, சேம நிதியும் சேரவில்லை. இப்படிப்பட்டவர்கள் எல்லாத் தொகுதிகளிலும் இருந்தார்கள், பல எம்.பி.க்கள் பேசினார்கள். 2024-ல் தளமேடை ஊழியர்களுக்கான, அதாவது இப்படிச் செயலிவழி வேலை செய்பவர்களுக்கான, சட்டம் நிறைவேறி, 2025 ஜனவரி 1-ல் நடப்புக்கு வந்தது. வேலையிட விபத்து இழப்பீடும் சேம நிதிப் பாதுகாப்பும் அதில் இருக்கின்றன. அந்தச் செய்தியைப் படித்தபோது, கட்டுப்போட்ட கையோடு சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தத் தம்பியின் முகம் கண்முன் வந்தது.

எம்.பி. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பது எளிது என்று நினைத்திருந்தேன். வாய்மொழிக் கேள்விக்கு ஏழு முழு நாட்களுக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் முறை வராமலும் போகலாம். முறை வந்தால் அமைச்சரின் பதிலுக்குப் பிறகு கேட்கும் துணைக் கேள்விதான் உயிர். அந்தத் துணைக் கேள்விக்கு எண்களைவிட எங்கள் மேசைக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை அதிகம் உதவியதாக அவர் சொல்வார், பெயர் ஊர் எதுவும் இல்லாமல்.

பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை எங்கள் மேசையில் நினைக்காத மாதம் இல்லை. 60 வயதைக் கடந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். அரசாங்கம் கொண்டுவந்த மசோதா இல்லை அது. நியமன எம்.பி.யாக இருந்த வால்டர் வூன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து 1995-ல் நிறைவேறியது. தொகுதியும் இல்லாத, கட்சியும் இல்லாத ஒருவர் கொண்டுவந்த சட்டம் 30 வருடம் கழித்தும் எங்கள் மேசைவரை வருகிறது. ஆனாலும் ஒரு தாய் வந்து உட்கார்ந்தால் அந்தச் சட்டத்தை முதலில் எடுக்கமாட்டோம். "மவன் மேல கேசு போடுறதா? அதுக்கு நான் பட்டினி கெடக்குறேன்" என்று எழுந்துபோன ஓர் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை சமரசப் பேச்சு என்ற வார்த்தையோடு ஆரம்பித்தேன். 2010 திருத்தத்துக்குப் பிறகு முதலில் சமரசம்தான், விசாரணை அதற்குப் பிறகு. வரிசையை மாற்றிச் சொன்னதும் அடுத்து வந்தவர் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

எம்.பி.யின் மற்ற நாட்களையும் சொல்கிறேன். ஆண்டுப் படித்தொகை 192,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அமைச்சர் பதவி இல்லாத எம்.பி.க்களில் பலர் வேறு தொழிலும் செய்கிறார்கள். எங்கள் எம்.பி.யும் அப்படித்தான். பகலில் அலுவலகம், நாடாளுமன்றம் கூடும் நாட்களில் அங்கே, மாலையில் தொகுதி. வீடுவீடாகப் போகும்போது மின்தூக்கியில் மேல்மாடிக்குப் போய் மாடி மாடியாக இறங்கி வருவார். ஒரு புளோக் முடிய மூன்று மணி நேரம் ஆகும். கதவு திறக்காத வீட்டு எண்ணைக் குறித்துவைத்து மறுபடி வருவார். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மலாய்க் கல்யாணம், இரண்டு புளோக் தள்ளிச் சீனர் வீட்டு இழவு. கல்யாணத்தில் சாப்பிடச் சொல்வார்கள், இழவில் பக்கத்தில் உட்காரச் சொல்வார்கள். இரண்டையும் மறுக்கக்கூடாது என்பார். மகளின் பிறந்தநாள் அவர் எம்.பி.யான பிறகு எப்போதும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் நகர்ந்தது. அதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. எம்.பி. ஆக ஆசைப்படும் இளைஞர்கள் கேட்டால், முதலில் மூன்று வருடம் மனு எழுதுங்கள், அதன்பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள் என்பேன்.

மேடைப் பேச்சு பற்றியும் கேட்பார்கள். நாடாளுமன்றத்தில் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. தமிழில் வாழ்த்தோடு நிறுத்தாமல் வாடகை வீட்டையும் மருந்துச் செலவையும் பற்றித் தமிழிலேயே வாதாடும் பேச்சு இன்னும் நிறைய வரவேண்டும் என்பது என் ஆசை. எங்கள் மேசைக்கு வரும் பெரியவர்கள் அதைத் தொலைக்காட்சியில் கேட்கிறார்கள். அவர்களில் சிலருக்கு யாழ்ப்பாணத்தில் பிறந்து 1959 முதல் 1988 வரை கம்போங் கிளாம் எம்.பி.யாக இருந்த எஸ். ராஜரத்தினத்தையும், 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குள் எதிர்க்கட்சிக் குரலைத் திரும்பக் கொண்டுவந்த ஜே.பி. ஜெயரத்தினத்தையும் நேரில் பார்த்த நினைவு இருக்கிறது. எதிரெதிர்க் கட்சிகள். இருவரையும் "நம்ம ஆளு" என்றுதான் சொல்வார்கள்.

பிறகு ஒரு தேர்தலில் எங்கள் எம்.பி. நிற்கவில்லை. வெளியே செய்தியாக ஒரு வரி வந்தது. உள்ளே எங்களுக்கு ஆறு வார வேலை. முடியாத மனுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடுத்து வருபவருக்குப் புரியும்படி ஒரு பத்தி எழுதினோம். யாருக்குப் பதில் வரவேண்டும், யாரை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், யாரிடம் எந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்றெல்லாம் எழுதினோம். 12 வருடத்தில் நான் எழுதியவற்றில் மிகவும் பயனுள்ளவை அந்தப் பத்திகள்தான் என்று நினைக்கிறேன். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், வந்தவர் தன் கதையை முதலிலிருந்து திரும்பச் சொல்லவேண்டி வரக்கூடாது.

கடைசி இரவு கூட்டம் அதிகம். பாதிப் பேர் மனுவோடு வரவில்லை, கைகுலுக்க வந்தார்கள். துறைமுக அங்கிளும் வந்தார், அதே பையோடு. மாதம் ஒருமுறை அதைக் கொண்டுவருவது அவருக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. என் பக்கம் திரும்பாமல் நேராக எம்.பி.யின் மேசைக்குப் போய்ப் பையைக் கவிழ்த்தார். ஐந்து உறைகள். எம்.பி. ஒவ்வொன்றாகப் பிரித்து ஆங்கிலத்தில் வாசித்தார், நான் தமிழில் சொன்னேன். நான்கு வழக்கமான கட்டணச் சீட்டுகள். ஐந்தாவது, புதன்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மின்தூக்கி ஓடாது என்ற அறிவிப்பு.

"அப்ப புதன்கிழமை காலையிலேயே கடைக்குப் போயிட்டு வந்துடணும்" என்றார் அங்கிள். நான் மொழிபெயர்த்தேன். எம்.பி. அந்தத் தாளை மட்டும் நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தார்.